எந்த இடத்திலும் ஆடுவார்

முதுநகர், கடலூர்
12.9.2024

மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அக்காவும் பாப்பாவும் நல்லா இருக்காங்க, போன ஞாயித்துக்கிழமைதான் சிதம்பரம் போய்ப் பார்த்துட்டு வந்தேன். நீங்க நல்லா இல்லைன்னு எனக்குத் தெரியும். அதனால நலம் விசாரிக்கிறதை விட்டுட்டு விஷயத்துக்கு வர்றேன்.

இந்தக் காலத்துல எதுக்குடா லெட்டர்னு நினைப்பீங்க. உங்க டீம் கேம்ப்ல சாயங்காலம் அரை மணி நேரம்தான் போனைக் கையில குடுக்கிறாங்க. அந்த நேரத்துல என் போன் பேக்டரி கேட் லாக்கர்ல கெடக்கும். கெமிக்கல் பிளான்ட்டுக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க. லீவு நாள்ல அக்கா வீட்டுலேர்ந்து பேசினாலும் அக்கா ஸ்பீக்கர்ல போடும், பாப்பா கத்தும். இது ஸ்பீக்கர்ல பேசுற விஷயம் இல்லை.

உங்க கம்பெனி கூடைப்பந்து டீம் இந்த வருஷம் ஆடின மேட்ச் எல்லாத்தையும் யூடியூப்ல ஸ்லோ பண்ணிப் பார்த்தேன். ஜூலை வரைக்கும் எகிறி இறங்கும்போது ரெண்டு காலும் ஒண்ணா தரையில படுது. ஆகஸ்ட்லேர்ந்து வலது கால்தான் முதல்ல படுது. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்துல வலது பக்கமா ஒரு சுத்து சுத்திக்கிட்டுப் போறீங்க. பெஞ்சுக்கு வந்ததும் துண்டை மூஞ்சியில போடாம முட்டி மேல போடுறீங்க. எங்க பிளான்ட்ல ஒரு மெஷின் இப்படி ஓடினா நிறுத்திட்டுக் கழட்டிப் பார்ப்போம். உங்க இடது முட்டி போச்சு மாமா. எவ்வளவு நாளா மறைக்கிறீங்க?

அடுத்தது. பாப்பா படிக்கிற ஸ்கூல்ல புதுசா கூடைப்பந்து மைதானம் போடுறாங்க. தாளாளர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் வர்றதா இருந்தா அடுத்த ஜூன்ல கோச்சா எடுத்துக்கறேன், கம்பெனியில முறைப்படி விடுவிச்சதா ஒரு லெட்டர் மட்டும் வேணும்"னு சொல்லியிருக்கார். வீட்டுலேர்ந்து சைக்கிள்ல போற தூரம். இப்பவே வெளியே வந்தா ஆபரேஷன் பண்ணி, நடந்து பழகி, வேலையில சேரவும் நேரம் சரியா இருக்கும். உங்க மேனேஜர் சுப்பராயலு சார்கிட்ட இந்த வாரமே கேளுங்க.

எங்ககிட்ட ரெண்டு பம்பு இருக்கு. A, B. A தான் மெயின். மாசா மாசம் கழட்டிச் சுத்தம் பண்ணுவாங்க. B ஸ்டாண்ட்பை. A படுத்தா B ஓடும், C வால்வு படுத்தாலும் பைப்பை மாத்திப் போட்டு B-ஐத்தான் ஓட்டுவாங்க. எப்பவும் கைகொடுக்கிறதால அதைக் கழட்ட யாருக்கும் மனசு வராது. அப்படிப்பட்ட பம்பு எப்ப நிக்கும் தெரியுமா? யாரும் நிறுத்தி நிக்காது. ஒருநாள் உள்ளேர்ந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

பதில் போடுங்க. 'எல்லாம் நல்லபடியா இருக்கு'ன்னு எழுதுறதா இருந்தா ஸ்டாம்ப் வீண்.

சேரன்

*

சென்னை
2.10.2024

அன்பு மச்சான் சேரனுக்கு,

மாமா செந்தமிழ்செல்வன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீ, எழிலரசி, பாப்பா எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். உன் கையெழுத்தில் லெட்டர் பார்த்ததும் பயந்துவிட்டேன், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று. பிறகு படித்துச் சிரித்தேன்.

இந்த வாரம் வேலை ஜாஸ்தி. பந்தைக் கொண்டுபோகிற பையனுக்குக் காய்ச்சல், அவன் இடத்தில் ஆடினேன். அடுத்த மேட்ச்சில் கூடைக்கு அடியில் நிற்கிற ஆளுக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது, அங்கேயும் நான்தான். சுப்பராயலு சார், "செல்வா, உன் இடத்துக்கு ஆள் எடுக்கணும்னா நான் மூணு பேரை எடுக்கணும்டா"ன்னார். பசங்க எல்லாம் கை தட்டினாங்க.

பதினாலு வருஷம் முன்னாடி மேல்பட்டாம்பாக்கத்து மைதானத்திலிருந்து ஒரே ஒரு பையோடு இங்கே வந்து நின்றேன். வரிசையில் எல்லாரும் என்னைவிட உயரம். "எந்த இடத்துல ஆடுவ?"ன்னு சார் கேட்டார். "எந்த இடத்துலயும் ஆடுவேன் சார்"னேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் சாயங்காலமே பஸ் ஏற்றி விட்டிருப்பார்.

தாளாளர் சொன்னது சந்தோஷம். மைதானத்துக்கு சிமெண்ட் தரை போடுகிறார்களா, வேறு ஏதாவதா? கேட்டு எழுது. உங்கள் B பம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

பிரியமுள்ள,
செந்தமிழ்செல்வன்

*

முதுநகர்
9.10.2024

மாமா,

சிமெண்ட் தரை. நான் நலம். B பம்பும் நலம், அதாவது இன்னும் ஓடுது.

நான் முட்டியைப் பத்திக் கேட்டேன், நீங்க தரையைப் பத்திக் கேக்குறீங்க. உங்க லெட்டர்ல 'முட்டி'ங்கிற வார்த்தையே இல்லை. தேடிப் பார்த்துட்டேன். யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ தோள்பட்டை, ஊர்ல இருக்கிற உடம்பெல்லாம் வந்திருக்கு, உங்க உடம்பு மட்டும் வரல.

அக்கா கல்யாணம் முடிஞ்ச வாரம் தேவனாம்பட்டினம் பீச்சுல எங்க பசங்களோட வாலிபால் ஆடினீங்களே, ஞாபகம் இருக்கா? மணல்ல அப்படி எகிறி அடிச்சீங்க. எங்க டீம்ல ஆறு பேர், நீங்க ரெண்டே பேர். நாங்க தோத்துட்டோம். அது வரைக்கும் எனக்கு உங்களைப் பிடிக்காது, இப்ப சொல்றதுக்கென்ன. அன்னைக்குத்தான் பிடிச்சுது. அந்தக் கால் இப்ப மாடிப்படி ஏறுமா?

சார்கிட்ட கேட்டீங்களா? என்ன சொன்னார்? இது ரெண்டுக்கும் மட்டும் பதில் எழுதுங்க, வேற எதுவும் வேணாம். பிரியம், பாசம் எல்லாம் பொங்கலுக்கு நேர்ல வச்சுக்கலாம்.

சேரன்

*

சென்னை
11.12.2024

அன்பு மச்சான் சேரனுக்கு,

உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன், இந்த முறை வெறும் வார்த்தைக்காக எழுதவில்லை. புயலில் தென்பெண்ணை கரை தாண்டியதை டிவியில் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது. எழிலரசியிடம் பேசிவிட்டேன், நீ மட்டும் பேக்டரியிலேயே மாட்டிக்கொண்டாய் என்றாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. வெளியூர் மேட்ச். கோப்பை நமக்குத்தான். ஃபைனலில் ஐந்து இடத்திலும் ஆடினேன் என்று சொன்னால் நம்புவாயா? ஒரே மேட்ச்சில் ஐந்தும். சார் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது, ஓரத்தில் பாதித் தோள் தெரியும், அது நான்தான்.

கேட்கணும். நல்ல நேரம் பார்த்துத்தானே கேட்க முடியும்? இப்போது எல்லாரும் ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கிறார்கள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் வருகிறேன்.

பிரியமுள்ள,
செந்தமிழ்செல்வன்

*

முதுநகர்
20.12.2024

மாமா,

வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. முட்டின்னு எழுதினதைக் கவனிச்சிருப்பீங்க. கட்டிலைச் செங்கல் மேல தூக்கி வச்சுட்டேன், பிரிட்ஜ் போச்சு. பேக்டரியில மாத்து ஆள் வர வழியில்லாம விடாம டியூட்டி பார்த்தேன். இப்ப எல்லாம் காஞ்சிடுச்சு. நான் நலம்.

'கேட்கணும்'னு எழுதியிருக்கீங்க. செப்டம்பர்லேர்ந்து கேட்கணும். தோத்தா வருத்தத்துல இருப்பாங்க, ஜெயிச்சா சந்தோஷத்துல இருப்பாங்க, எப்பத்தான் கேட்பீங்க? அந்த ஆளு விட மாட்டேங்கிறார், அதை எங்ககிட்ட சொல்ல உங்களுக்குக் கூச்சம். எனக்குப் புரிஞ்சிடுச்சு.

அதனால நானே ஒரு வேலை பண்ணிட்டேன். பண்ணிட்டுத்தான் சொல்றேன், முன்னாடி சொல்லியிருந்தா வேணாம்னுவீங்க. உங்க முட்டியைப் பத்தி சுப்பராயலு சாருக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பிட்டேன். எங்க பிளான்ட்ல மெஷின் பழுதுக்கு எழுதுற மாதிரியே, வீடியோலேர்ந்து எடுத்த படங்களோட. எந்த மேட்ச், எந்த நிமிஷம், எந்தக் கால். இனிமே அவர் தெரியாதுன்னு சொல்ல முடியாது.

திட்டணும்னா பொங்கலுக்குத் திட்டுங்க.

சேரன்

*

சென்னை
6.1.2025

திரு. சேரன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க விரும்புகிறேன். புத்தாண்டு வாழ்த்துகள்.

தாங்கள் அனுப்பிய அறிக்கை கிடைத்தது. முப்பது வருடமாக டீம் நடத்துகிறேன், ஒரு வீரரைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் பிசியோவுக்கும் காட்டினேன். செல்வாவின் முட்டி ஜவ்வு பற்றி எங்களுக்கு ஓரளவு தெரியும். ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், சீசன் முடியட்டும் என்று அவர்தான் சொன்னார்.

அறிக்கையின் கடைசியில் 'தற்காலிக ஏற்பாடு' என்ற தலைப்பில், "ஓட்டத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நின்று செய்யும் வேலைக்கு மாற்றலாம்" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. அதன்படியே அவரை ஓடி ஆடும் இடத்திலிருந்து எடுத்து, நிரந்தரமாகக் கூடைக்கு அடியில் நிற்கும் இடத்துக்கு மாற்றிவிட்டோம். வேறு யாராக இருந்தாலும் இப்படி மாற்ற முடியாது. செல்வா எந்த இடத்திலும் ஆடுவார் என்பதால் முடிந்தது.

அவரை விடுவிக்க நான் மறுப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை. செல்வா இதுவரை என்னிடம் அப்படி எதுவும் கேட்டதில்லை.

தங்கள்,
சுப்பராயலு
டீம் மேனேஜர்

*

சிதம்பரம்
18.1.2025

சேரா,

நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். கண்டக்டர் அண்ணன்கிட்ட குடுத்து அனுப்புற தூக்குல கருவாட்டுக் குழம்பு இருக்கு, இந்தச் சீட்டு மேல் தட்டுல. தூக்கைத் திருப்பி அனுப்பு, போன தடவை மாதிரி அமுக்கிக்காத. போன்ல சொன்னா நீ கத்துவ, பாப்பா கேட்கும், அதான் எழுதுறேன்.

பொங்கலுக்கு மாமாவை நீ திட்டுவன்னு பார்த்தேன். அவரைப் பார்த்துட்டு பஸ் ஏறிட்ட. நீ பார்த்ததை நானும் பார்த்தேன்டா. எல்லாரும் தரையில இலை போட்டு உட்கார்ந்தோம். அவரு மட்டும் "டேபிள்ல சாப்பிட்டுப் பழகிட்டேன்"னு நின்னுக்கிட்டே சாப்பிட்டாரு. பாப்பா அவரு முதுகுல யானை ஏறணும்னுச்சு. "யானைக்கு இன்னிக்கு லீவு"ன்னாரு. யானைக்கு எங்கடா லீவு?

இப்ப கூடைக்கு அடியில நிக்கிறாராம். நின்னா தேவலைன்னு நினைச்சேன். போன வாரம் மேட்ச் பார்த்தேன், அங்க ஒருத்தரும் நிக்கலை. மாடு மாதிரி ஆளுங்க வந்து அவரு மேல விழுறாங்க. ஒவ்வொரு தடவையும் எகிறுறாரு, ஒவ்வொரு தடவையும் எவனாவது இடிச்சுக் கீழ தள்றான்.

நீ ஏன் அவரை வந்துடுங்கன்னு கேட்கலைன்னு என்னைக் கேட்ட. கேட்டா சரின்னுடுவாருடா. எனக்கும் சரின்னுவாரு, அந்த மேனேஜருக்கும் சரின்னுவாரு, ஸ்கூல்காரருக்கும் சரின்னுவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுசன் சொல்ற சரியை நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது?

நீ எதுவும் கோக்குமாக்கா எழுதாத. உடம்பைப் பார்த்துக்க.

அக்கா

*

முதுநகர்
25.1.2025

மாமா,

நலம் கேட்கிற யோக்யதை எனக்கு இல்லை.

எங்க பிளான்ட்ல பழுது ரிப்போர்ட் எழுதினா கடைசியில 'தற்காலிக ஏற்பாடு'ன்னு ஒண்ணு எழுதியே ஆகணும். இல்லைன்னா சூப்பர்வைசர் கையெழுத்துப் போட மாட்டார். மெஷினை நிறுத்தாம எப்படி ஓட்டுறதுன்னு சொல்லணும். கை பழகிப்போச்சு. உங்களுக்கும் அதையே எழுதித் தொலைச்சிட்டேன். ஒரு பக்கம் முழுக்க நிறுத்துங்கன்னு எழுதிட்டு, கடைசி வரியில எப்படி நிறுத்தாம ஓட்டலாம்னும் நானே சொல்லிக் குடுத்திருக்கேன். அவங்க கடைசி வரியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. கூடைக்கு அடியில உங்க மேல விழுற ஒவ்வொருத்தனையும் நான்தான் தள்ளி விடுறேன்.

என் தப்பு அது. இப்ப உங்களுது. அந்த ஆளு உங்களை விட மாட்டேங்கிறார்னு நாலு மாசமா மனசுக்குள்ள அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்கவே இல்லைன்னு எழுதியிருக்கார்.

கேட்கவே இல்லையா மாமா?

சேரன்

*

சென்னை
2.3.2025

அன்பு மச்சான் சேரனுக்கு,

நலம் என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியும்.

கேட்கவில்லை. உன் முதல் லெட்டர் வந்த வாரமே சார் ரூம் வாசல் வரைக்கும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. "என்னடா செல்வா"ன்னார். "ஷூவுக்கு லேஸ் இருக்கா சார்"னேன். எடுத்துக் குடுத்தார். அதுக்கப்புறமும் பல தடவை போனேன். இப்ப என் பெட்டியில இந்த டீம் முழுக்கக் கட்டுற அளவுக்கு லேஸ் இருக்கு. சிரிக்காத.

அவர் மாட்டேன்னு சொல்லிடுவார்னு நீ நினைச்ச. அப்படிச் சொல்லுவார்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன் மச்சான். "நீ இல்லாம முடியாதுடா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அந்த வார்த்தையை வாங்கிக்கிட்டு முட்டி உடையிற வரைக்கும் இங்கேயே கெடந்திருப்பேன், சந்தோஷமா. எனக்குப் பயம் என்னன்னா, சரி போன்னுட்டா?

ஆட்டத்தைத் தொடங்குகிற முதல் ஐந்து பேரில் என் பேர் வந்த மேட்ச் கம்மி. இந்தியா கேம்ப்புக்கு ஆள் கேட்டப்போ ஒரு இடத்தில் பெரிய ஆளாக இருக்கிறவர்களைத்தான் எடுத்தார்கள். எல்லா இடத்திலும் ஆடுகிறவனுக்கு எந்த இடம்னு அவங்களுக்குத் தெரியலை. பரவாயில்லைன்னு இருந்தேன். நான் இல்லாட்டி இந்த டீம் ஓடாது, அது எனக்குத் தெரியும், அது போதும்னு இருந்தேன். அது நிஜமான்னு பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அதுதான் பிரச்சினை.

உன் ரிப்போர்ட்டைப் பற்றி வருத்தப்படாதே. சார் அதைப் படித்துக் காட்டினார். என்னை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. ஓரத்துப் பாதித் தோள் இல்லை, ஒவ்வொரு படத்திலும் முழு ஆள். கூடைக்கு அடியில் நிற்பது பழகிவிட்டது. முட்டியில் இரண்டு தடவை நீர் எடுத்தார்கள். இதை எழிலரசியிடம் சொல்லாதே.

மாமா

*

முதுநகர்
10.3.2025

மாமா,

நலம்.

உங்களைத் திட்டணும்னுதான் பேனாவை எடுத்தேன். வரல. பக்கத்துல இருக்கிற டீக்கடையில போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அப்பவும் வரல. அதனால B பம்பைப் பத்திச் சொல்றேன்.

போன மாசம் அது நின்னுடுச்சு. கழட்டிப் பார்த்தா பேரிங் எல்லாம் மாவா இருக்கு. எப்படி இவ்வளவு நாள் ஓடுச்சுன்னு யாருக்கும் புரியலை. அது இல்லாம பிளான்ட் படுத்துடும்னு நான் ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம கெடந்தேன். படுக்கலை. யார்டுல துருப்பிடிச்சுக் கெடந்த ஒரு பழைய பம்பை எடுத்து மாட்டினாங்க. ஓடுது. அவ்வளவு நல்லா ஓடலை, ஆனா ஓடுது.

நீங்க போனா உங்க டீமும் ஓடும். உங்க முகத்துக்கு நேரா என்னால இதைச் சொல்ல முடியாது, அதான் எழுதுறேன். சார் சரி போன்னுதான் சொல்லுவார். அதுக்காக B பம்பு இத்தனை வருஷம் ஓடலைன்னு ஆயிடுமா மாமா? ஓட்டினவனுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்.

போய்க் கேளுங்க. லேஸ் வேணாம்.

சேரன்

பி.கு: 'தற்காலிக ஏற்பாடு' எதுவும் இல்லை.

*

சென்னை
29.4.2025

அன்பு மச்சான் சேரனுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

கேட்டேன். சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "வீட்டுக்குப் பக்கத்துலயே வேலையா? ரொம்ப சந்தோஷம்டா"ன்னார். கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டு லெட்டர் அடிக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். பதினாலு வருஷத்துக்கு ஒரு பக்கம்கூட முழுசா வரவில்லை. நல்ல மனுஷன், மனசார வாழ்த்தித்தான் குடுத்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "ஏன்டா நிக்கிற? வேற என்ன வேணும்?"ன்னார். என்ன வேணும்னு சொல்லத் தெரியவில்லை.

வாசலைத் தாண்டினேன். "செல்வா"ன்னு கூப்பிட்டார். சட்டென்று திரும்பினேன். வேண்டாம், போகாதேன்னு சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு ரெண்டு ஆள் குறையுது. அது மட்டும் ஆடிட்டுப் போறியா?"

கையில் விடுவித்த லெட்டர் இருக்கிறது. மடித்து வைக்கக்கூட இல்லை. "ஆடுவேன் சார்"னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன் மச்சான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சின் மூன்றாவது பகுதியில் எகிறிப் பந்தை எடுத்தேன். இறங்கும்போது எவனோ ஒருவனுடைய பாதத்தின்மேல் இறங்கினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும் என்று எழுதியிருந்தாயே, அது வந்தது. அரங்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது திரும்பிப் பார்த்தேன். என் இடத்தில் ஒரு பையன் இறங்கிவிட்டான். நல்ல உயரம். மேட்ச் ஜெயித்துவிட்டார்கள்.

நீ சொன்னது சரிதான். ஓடுகிறது.

அடுத்த வாரம் ஆபரேஷன். எழிலரசி கிளம்பி வருகிறாள். அவளைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் போய் ஏற்றிவிடு, பாப்பாவை உன்னோடு வைத்துக்கொள்.

மாமா

*

சிதம்பரம்
13.6.2025

அன்பு மச்சான் சேரனுக்கு,

நலம். இந்தத் தடவை அடிக்காமல் எழுதுகிறேன், ஆனால் கைத்தடியோடு நலம். கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற தூரம்தான், இருந்தாலும் இதை லெட்டரில்தான் சொல்லணும்.

திங்கட்கிழமை ஸ்கூலில் சேர்ந்தேன். இந்த வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும், எகிறுவதெல்லாம் இனிமேல் கிடையாது என்று டாக்டர் சொன்னதைத் தாளாளர் ஒத்துக்கொண்டார். பசங்க நல்ல பசங்க. "சார், நீங்க எந்த பொசிஷன் சார்?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. "இந்த நாற்காலி"ன்னேன்.

செவ்வாய்க்கிழமை தாளாளர் கூப்பிட்டார். ஸ்கூல் வேன் வந்து போகிறதை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். சரின்னுட்டேன். புதன்கிழமை எட்டாம் வகுப்புக் கணக்கு மிஸ் வரவில்லை, ஒரு பீரியட் உட்கார முடியுமா என்றார். உட்கார்ந்தேன். நேற்றுக் காலையில் கோ-கோ. அதற்கும் தலையாட்டிவிட்டேன். தலை தானாக ஆடுகிறது மச்சான். ஆபரேஷன் முட்டிக்குத்தானே பண்ணாங்க.

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார். "வாலிபால் மாஸ்டர் நின்னுட்டார் சார். நீங்க எல்லா விளையாட்டும் ஆடுவீங்கன்னு சொன்னாங்க. கால் சரியானதும் ஆடிக் காட்ட ஒரு ஆள் வேணும். வாலிபால் தெரியுமில்ல?"ன்னார்.

ரூம் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வேனுக்குப் பசங்க வரிசையில் நிற்பது தெரிந்தது.

"தெரியாது சார்"னேன்.

எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. தாளாளர் முகம் சின்னதாகிவிட்டது. "அப்படியா? தெரியும்னு சொன்னாங்களே"ன்னார். கத்துக்கறேன் சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இல்லை சார், தெரியாது"ன்னேன். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபைனலில்கூட அப்படி வேர்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து எழிலரசியிடம் சொன்னேன். நம்பவில்லை. "நீங்களா சொன்னீங்க?"ன்னு கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நெஜமா நீங்களா?"ன்னு இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் எதிரில் உட்கார்ந்து, "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே கடைத்தெரு போயிட்டு வரலாமா?"ன்னாள். சரின்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளாளர் விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் கேட்பார். அப்போது என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது, அதனால் உன்னிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவைப் பார்க்க வரும்போது ஸ்கூல் பக்கம் வந்தால், அங்கே யார் கேட்டாலும் சரி, தேவனாம்பட்டினம் பீச்சைப் பற்றி மூச்சு விடாதே.

பிரியமுள்ள,
மாமா